கறுப்பியின் முன்னங்கால்

ஜாலான் புசார் ரோட்டுக்குப் பின்னால், மழை பெய்தால் குளமாகிவிடும் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த காலம் அது. அப்பாவுக்குக் குதிரைலாயத்தில் வேலை. வைக்கோலில் பிறந்து குதிரைகளின் காலடியில் வளர்ந்த ஒரு நாய்க்குட்டியை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கறுப்பி என்று பெயர் வைக்க யாரும் மூளையைக் கசக்கவில்லை.

எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர். இரும்புப் பெட்டி ஒன்று சரிந்து விழுந்ததில் அவருடைய இடது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, ஊரில் அவருக்குப் பேசி முடித்திருந்த பெண்ணை வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதிலிருந்து அவர் வாசலைத் தாண்டி எங்கும் போவதில்லை. வாசலில் உட்கார்ந்து லாயத்துத் தோல்வார்களைத் தைத்துக்கொடுப்பார். அவர் வேட்டியின் காலியான பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டு கறுப்பி தூங்கும்.

எனக்கு எட்டு வயது நடக்கும்போது கறுப்பி நொண்டத் தொடங்கியது. முள் என்று நினைத்துத் தேடினோம். முள் இல்லை, முன்னங்காலில் தோளுக்குக் கீழே ஒரு வீக்கம் இருந்தது. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினாள். அப்பா சீனர் மருந்துக்கடையில் கறுப்புக் களிம்பு வாங்கிவந்து தடவினார். கறுப்பி இரண்டையும் பாரபட்சமில்லாமல் நக்கித் தின்றது. வீக்கம் மட்டும் கல்லுப்போல் இறுகிக்கொண்டே வந்தது. பிறகு அது சோற்றுக்கும் எழுந்து வரவில்லை.

லாயத்துக் குதிரைகளைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார டாக்டர் வருவார். அப்பா கறுப்பியைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டினார். சாயங்காலம் திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எலும்புக்குள்ள கட்டியாம். காலையே எடுத்துடணும், இல்லாட்டி மருந்து குடுத்து முடிச்சிடணும்னு தொரை சொல்றாரு. எடுத்தாலும் திரும்ப வராதுன்னு சொல்ல முடியாதாம்."

அம்மா கறுப்பியைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"முடிச்சிடச் சொல்லுங்க. காலில்லாம கெடந்து சீப்படறதவிட போய்ச் சேர்றது மேல்."

அப்பா இருமினார். வாசலில் தோலுக்குள் ஊசி ஏறி இறங்கும் சத்தம் நின்றுபோயிற்று. அம்மா அவசரமாக எழுந்து, அணைந்திருந்த அடுப்பை ஊதப் போனாள். பெரியவர்கள் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குக் கோபமாக வந்தது. கறுப்பியைப் பற்றி இன்னும் ஒன்றும் முடிவாகவில்லையே.

"எடுத்துடலாம்ண்ணே. நானும் கூட வர்றேன்" என்றார் சித்தப்பா.

ரிக்‌ஷாவில் அவர் மடியில் கறுப்பி, பக்கத்தில் நான். லாயத்தின் கோடியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருந்தார்கள். தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டாக்டர் கேட்டதும் சித்தப்பா ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். குதிரைகள் குளம்பு மாற்றி நிற்கும் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்த சித்தப்பா சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"முடிஞ்சுது. எந்திரிச்சா நிக்கத் தெரியாம தடுமாறும். பாத்து நீ சிரிச்சிடக் கூடாது, என்ன?"

நான் சிரிக்கவில்லை. கறுப்பி எழுந்து எழுந்து முகம் குப்புற விழுந்தபோதெல்லாம் நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்ப்பேன். "விடு, அதுவா கத்துக்கட்டும்" என்பார் சித்தப்பா. அது கற்றுக்கொண்டது. மழைக்காலம் தொடங்குவதற்குள் சந்துமுனைவரை தத்தித் தத்தி ஓடியது. அதைக் கூட்டிவரும் சாக்கில் சித்தப்பாவும் முனைவரை போனார். பிறகு பெரிய ரோடு வரை. யாரும் சொல்லாமலே அம்மா அதற்கு ஆட்டெலும்பு வேகவைத்துப் போட்டாள்.

மழை ஓய்ந்த சமயம் அதற்கு இருமல் வந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. டாக்டர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது, இனி வெட்ட ஒன்றுமில்லை என்றார். அப்பாவுக்கு மனம் வரவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றார். நானும் அழுது அடம்பிடித்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கறுப்பி நின்றுகொண்டே கண் சொக்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல நம்ம ஆசைக்காக வச்சிருக்கக் கூடாதுண்ணே" என்றார் சித்தப்பா. மறுநாள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் அவரே ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மத்தியானம் திரும்பி வந்தார். கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டு ரசம் ஊற்றினாள். அவர் பிசைந்தார், சாப்பிடவில்லை. பிறகு தலை நிமிராமல், குரலில் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார்:

"மூணு காலோட அது நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணி."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி ரசத்துக்குள் விழுந்தது. அவள் பின்கட்டுக்குப் போய், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். நான் பின்னாலேயே போய், கறுப்பிக்கு இனி வலிக்காதம்மா என்று எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். ஒருநாள்கூட அந்த நாயை அடுப்பங்கரைக்குள் விடாத அம்மாவுக்கு அதன்மேல் இத்தனை பிரியமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.