பைக்குள் இருந்த கஷாயம்

மாமல்லபுரம் சாலையில் ஒருவர் புற்றுநோய்க்குக் கஷாயம் காய்ச்சித் தருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடியவள் நான். மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டிய அப்பாவுக்கு அப்போது செங்கல்பட்டில் கீமோ நடந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் சொன்னால் நிறுத்தச் சொல்வார் என்று மறைத்தே கொடுத்துவந்தேன்.

அடுத்த கீமோவன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"கல்லீரல் பாதிச்சிருக்கிற மாதிரி தெரியுது. வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

டிரிப் ஏற்ற நர்ஸ் தயாராக நின்றார். கஷாய பாட்டிலோ என் மடியில் இருந்த பைக்குள். எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் திட்டவில்லை. "இன்னிக்கு கீமோ வேணாம். மூச்சுப்பயிற்சி, பிரார்த்தனை எல்லாம் தாராளமா பண்ணுங்க. வயித்துக்குள்ள போறது மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

வெளியே வந்ததும் வெடித்தேன். "ஏம்ப்பா பொய் சொன்னே?"

"உன்னத் திட்டுவாருன்னுதான். அதக் குடிச்சாலே கொமட்டிகினு வரும். நீ வெயில்ல போய் வாங்கியாறியேன்னு குடிச்சிகினு இருந்தேன்."

வேண்டுமா என்று அவரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது எதை வாங்குவதற்கு முன்பும் கேட்கிறேன். பெரும்பாலும் மோர் போதும் என்கிறார்.