கிரவுன் அய்யூப்பின் காது

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அய்யூப் என்றால் யாருக்கும் தெரியாது. ‘கிரவுன் அய்யூப்’ என்றால் வத்திராயிருப்பு வரைக்கும் தெரியும். வண்டியின் பின்பக்கம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் குடம் மாதிரி ஒரு இரும்புக் கூடு தொங்குகிறதே, அதற்குள் பெரிய பல்சக்கரம் ஒன்றும் சின்னது ஒன்றும் கடித்துக்கொண்டு சுற்றும். பெரியது கிரவுன், சின்னது பினியன். தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதிய ஜோடியைச் சரியாக உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு. இந்த ரோட்டில் இஞ்சின் வேலைக்கு ஆள் கொட்டிக் கிடக்கிறது, கிரவுனுக்கு நான் ஒருத்தன்தான். ஊரே இப்படிச் சொல்வதாக நினைத்திருந்தேன். நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பது பிற்பாடு தெரிந்தது.

இரண்டு பல்லும் ரொம்ப நெருங்கினால் சூடேறித் தின்றுபோகும். விலகினால் அடித்துக்கொள்ளும். நெருக்கம் சரியாக இருந்தாலும், பினியன் ஒரு மயிரிழை முன்னே பின்னே உட்கார்ந்துவிட்டால் வண்டி ஓடும்போது ஊளையிடும். அந்த மயிரிழையைச் சரிக்கட்டத்தான் காகிதம் போல் மெல்லிய தகடுகளை அடியில் கொடுப்போம். அதற்குப் பெயர் சிம். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க மற்ற மெக்கானிக்குகள் பல்லில் சாயம் பூசிச் சுற்றிவிடுவார்கள். சாயம் பல்லின் நடுவில் அழிந்திருந்தால் கடி சரி. எனக்கு அதைக் கண்டாலே இளக்காரம். “கிரவுன் என்ன கல்யாணப் பொண்ணா, லிப்ஸ்டிக் பூசிப் பாக்க?” என்று டீக்கடையில் உட்கார்ந்து கிண்டலடிப்பேன்.

என் வழி தனி. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லுவேன். நான் வண்டிக்குள் பின்பக்கத் தரையில் மல்லாந்து, பிறகு ஒருக்களித்து, தகட்டில் காதை வைத்துப் படுத்துக்கொள்வேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்குவேன். கை மேலே போனால் வண்டி திரும்பிவிட வேண்டும், மறுபடி கழற்றி வேறு சிம் போடுவேன். முன்பெல்லாம் ஒரு வண்டிக்கு நாலைந்து தடவை கை தூக்கியிருக்கிறேன். கொஞ்ச காலமாக முதல் ஓட்டத்திலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. வயசாக ஆகக் கை பழுத்துவிட்டது, அனுபவம் பேசுகிறது என்று ஒரே பெருமை எனக்கு.

இந்த நேரத்தில்தான் கான்சாபுரம் பால்ச்சாமி அண்ணாச்சியின் ஜீப் வந்தது. அவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். பிளவக்கல் அணைப் பக்கம் தென்னந்தோப்பு. தேங்காயும் உரமும் ஏற்றுகிற ஜீப் அது. கிரவுன் புதுசு போட்டு, படுத்துக் கேட்டு, கொடுத்து அனுப்பினேன். அந்த வாரமே திரும்பி வந்துவிட்டார்.

“பாய், ஊளையிடுது.”

“எது அண்ணாச்சி?”

“ஜீப்புதான். பின்ன நானா?”

மறுபடி மம்சாபுரம் விலக்கு வரைக்கும் படுத்துக்கொண்டே போய் வந்தேன். ஒன்றும் இல்லை. “அண்ணாச்சி, பட்டாளத்துல வெடிச்ச குண்டுச் சத்தம் இன்னும் உங்க காதுலயே நிக்குது போல” என்றேன். மனுஷன் கோபப்படாமல் போனார்.

அடுத்த முறை சாட்சிக்கு மனைவி நாச்சியாரைக் கூட்டி வந்தார். “நாங்க தோப்புக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே சத்தம் போய்ச் சேந்துருது பாய். உக்காந்து கத பேசுதவகெல்லாம் எந்திச்சு வேல செய்யுத மாதிரி நிக்குதாக” என்றார் அந்த அக்கா.

“அப்ப கங்காணிச் சம்பளம் மிச்சம்தானக்கா!”

என்ன வாய்க்கொழுப்பு எனக்கு! மறுபடி படுத்தேன், மறுபடி கேட்டேன், மறுபடி ஒரு சத்தமும் இல்லை என்று சத்தியம் செய்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது அண்ணாச்சி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. “பாய், வருத்தப்படாதீக. இன்னைக்கும் நீங்க இல்லன்னு சொன்னா நேரா மருதைக்கு ஓட்டிட்டுப் போயிருவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் மாட்டிய கிரவுனை மதுரையில் ஒருத்தன் பிரித்துப் பார்த்துச் சிரித்தான் என்றால், சாயங்காலத்துக்குள் அந்தச் சேதி நம்ம டீக்கடைக்கு வந்துவிடும். அப்புறம் எவன் என் பட்டறைக்கு வண்டி கொண்டுவருவான்? “ஓட்டுங்க அண்ணாச்சி, பாத்துருவோம்” என்று பின்னால் ஏறினேன்.

அன்றைக்கு நாச்சியாரக்காவோடு அவர்களுடைய ராஜபாளையம் நாயும் வந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, எலும்பும் திமிருமாக ஒரு கன்றுக்குட்டி உயரம். நான் படுத்ததும் அதுவும் பக்கத்தில் படுத்து, முன்னங்காலில் மூஞ்சியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. வண்டி வேகமெடுத்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாயைப் பார்த்தேன். காதுகூட ஆடவில்லை. அடடா, இதைவிடச் சாட்சி வேண்டுமா!

“அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க!” என்று எழுந்து உட்கார்ந்தேன். “மனுசன் பொய் சொல்லுவான், நாய் சொல்லாது. எம்புட்டு கூர்மையான காது அதுக்கு! சத்தம் இருந்தா இப்பிடித் தூங்குமா? நீங்களே சொல்லுங்க!”

அண்ணாச்சி ஓரங்கட்டி நிறுத்தினார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சியாரக்கா வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

“பாய், அது பொறவிச் செவிடு” என்றார் அண்ணாச்சி. “வெள்ளக் குட்டியில ஒண்ணு ரெண்டு இப்பிடிப் பொறந்துரும். மத்த நாயிக இந்த ஜீப்பக் கண்டாலே கூடச் சேந்து ஊளையிடுதுக. அதான் இத மட்டும் ஏத்திட்டு வாரோம்.”

முதலில் வாய்விட்டுச் சிரித்தவன் நான்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த ஜீப்பில் சத்தம் கேட்காத ஜீவன் இரண்டு. ஒன்று நாய். அனுபவம் பேசுகிறதாம் அனுபவம்! பேசியது எதுவும் காதில் விழவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஜீப்பைப் பட்டறையில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் இருக்கிற வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி ஷமீமா குக்கர் வைத்திருந்தாள். புதுக் குக்கர் வாங்கியதிலிருந்து, ‘நல்ல கம்பெனி, விசில் சத்தமே இல்லை’ என்று அதைப் பாராட்டிக்கொண்டிருந்தவன் நான். பக்கத்தில் போய் நின்றேன். ஆவி சீறிக்கொண்டு மேலே போனது. வெயிட் ஆடியது.

“ஏட்டி, இப்ப விசில் அடிக்குதா?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். “ஏங்க, தெருவுக்கே கேக்குதே!” என்றாள். பிறகு குரல் இறங்கிப்போய் என்னமோ சொன்னாள். உதட்டைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். “அப்ப நான் கூப்பிட்டது எதுவும் உங்களுக்குக் கேக்கலையா? எம்மேல கோவம், அதான் திரும்ப மாட்டேங்கீகன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

எனக்குப் பயமாக இருந்தது.  காது போனால் கிரவுனும் போய்விடும். மிச்சம் இருக்கப்போவது வெறும் அய்யூப். அவனைத்தான் யாருக்கும் தெரியாதே.

“கண்ணு நல்லாத்தான இருக்கு?” என்றாள் ஷமீமா. “மத்தவகெல்லாம் கண்ணால பாத்துத்தான செய்யுதாக?”

கண்ணால் பார்க்கச் சாயம் வேண்டும். ஊரெல்லாம் கிண்டலடித்த எனக்குப் பட்டறையில் சாயம் ஏது? பக்கத்துப் பட்டறையில் போய்க் கேட்க மூஞ்சி ஏது? ஷமீமா உள்ளே போய், கட்டிக்கொடுத்த மகள் நஸீபா விட்டுப்போன ஒரு லிப்ஸ்டிக்கைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். நல்ல ரத்தச் சிவப்பு.

கூட்டைத் திறந்து, கிரவுன் பல்லில் சுற்றிலும் பூசினேன். அண்ணாச்சி மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சியாரக்கா மட்டும், “கலர் எடுப்பா இருக்கு பாய்” என்றார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். பல்லின் நுனியில் மட்டும் சிவப்பு அழிந்திருந்தது, நடுவில் பூசினது பூசினபடி இருந்தது. பினியன் எட்டாமல் நுனியையே மேய்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்து, கனத்த சிம் ஒன்றைக் கொடுத்துப் பினியனைக் கிரவுன் பக்கம் நெருக்கினேன். நெருக்கம் மாறிவிடாமல் கிரவுனைக் கொஞ்சம் நகர்த்தி, திரும்பப் பூசிச் சுற்றினேன். இப்போது பல்லின் நடுவில் அழகாக அழிந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மாட்டி முடித்தேன்.

ஓடிப் பார்க்கும்போது பின்னால் என் இடத்தில் ஷமீமாவை உட்கார வைத்தேன். அவளுக்குப் பக்கத்தில் நாய். “சத்தம் வந்தா கையத் தூக்கணும்” என்று பாடம் சொல்லிவிட்டு அவளுக்கு நேர் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வண்டி வேகமெடுத்தது. மம்சாபுரம் விலக்கு நெருங்கும்போது அவள் கை மேலே போனது. என் உயிர் என்னிடம் இல்லை.

“ஒண்ணுமில்ல, முக்காடு பறக்குது!” என்று கத்தினாள்.

“நின்னுருச்சு பாய். சுத்தமா நின்னுருச்சு” என்றார் அண்ணாச்சி.

“போச்சு, இனி தோப்புல ஒருத்தரும் எந்திக்க மாட்டாக” என்றார் நாச்சியாரக்கா.

ஷமீமா என்னைப் பார்த்து என்னவோ கேட்டாள். வழக்கமாக ஒரு ‘ம்’ போட்டுத் தப்பித்துக்கொள்வேன். இந்த முறை, “எனக்குக் கேக்கலட்டி, திருப்பிச் சொல்லு” என்றேன்.

அவள் முன்னால் குனிந்து, என் காதருகே கையைக் குவித்தாள். “நெசமாவே எம்மேல கோவம் இல்லைல்ல?”

“உன்மேல எனக்கு என்னட்டி கோவம்!” என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அண்ணாச்சி பதறிப்போய் பிரேக்கை மிதித்தார், ரோட்டோர டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாய் மட்டும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.