லேபிள் கழன்ற மூன்று சிவப்பு ஒயின்

அன்று பார் கவுண்டரைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் ஹோட்டலின் பார் மேனேஜர் தேவராஜ் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான செஃப் சுடலைமுத்து அண்ணன். ஒயின் சப்ளை கம்பெனி ரெப் பிரகாஷ். ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் ஆலைக்காக ஜப்பானிலிருந்து வந்து, மாதக்கணக்கில் எங்களிடமே தங்கியிருந்த இன்ஜினீயர் மோரி சார். ஐந்தாவது ஆள் நான், ஏழுமலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, மண்ணூரிலிருந்து வந்து ஹோட்டல் லாண்டரியில் சேர்ந்தவன். பாரில் அப்போது எனக்கு ட்ரையல்.

எத்தனை நாள் அதே இரண்டு ஒயினைக் குடிப்பது, புதிதாக ஏதாவது வையுங்கள் என்று மோரி சார் கேட்டதால் வந்த ஏற்பாடு அது. பிரகாஷ் மூன்று பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார். மூன்றும் நம் பக்கம் யாரும் பெயர் சொல்லிக் கேட்காத திராட்சை. உருகுவேயின் டன்னாட், சிலியின் கார்மெனேர், போர்ச்சுகலின் டூரிகா. ருசி பார்த்து ஒன்றை மெனுவில் சேர்க்க வேண்டும்.

"ஏழுமலை, இன்னிக்கு ஒழுங்கா ஊத்துனா பார் உனக்கு. சொதப்புன, திரும்ப லாண்டரிதான்" என்று தேவராஜ் சார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

எனக்குப் பயம் கூடப்பிறந்தது. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள். அதனால் பயிற்சியில் கொடுத்த அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று இருந்தது. உடனே மூன்று பாட்டிலையும் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து விருந்து ஹாலில் வைத்துவிட்டேன். அது 2012 கோடை. கரண்ட் கட் நேரத்தில், ஆள் இல்லாத ஹாலுக்கு யார் ஏசி போடுவார்கள்?

மதியம் மூன்றையும் திறந்து ஊற்றினேன். முதல் மடக்கிலேயே தேவராஜ் சார் முகம் கோணியது.

"இன்னாடா இது, கஷாயம் மாரி கீது?"

சுடலைமுத்து அண்ணன் கிளாஸைத் தொட்டுப் பார்த்தார். "ஏலே, ரெண்டு மொளகு தட்டிப் போடு. சளிக்குக் கேக்கும்."

மோரி சார் மட்டும் மரியாதைக்கு விழுங்கிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் அட்டையை நீட்டினேன். பிரகாஷ் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏழுமலை, இது வெள்ளைக்காரன் வூட்டு ரூமு. அங்க ரூமே குளுரும். ஒரகடத்து மே மாசத்துக்கா எழுதினாங்க?"

அண்ணன் ஒரு டப் நிறைய ஐஸும் தண்ணீரும் கொடுத்தார். கால் மணி நேரம் போதும் என்றார் பிரகாஷ். பாட்டில்களைக் கழுத்துவரை இறக்கினேன். சீக்கிரம் எடுத்து மறுபடி சூடாக இருந்துவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று சொன்னதற்கு மேலேயே ஊறவிட்டேன். எடுக்கப் போனால், மூன்று லேபிளும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. மூன்று பாட்டிலும் ஒரே உயரம், ஒரே நிறம். எது எதுவென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"போச்சு. லாண்டரி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பாட்டிலில் பொடி எழுத்தில் இருந்த லாட் நம்பரைச் சொல்லிக் கேட்டுவிடலாம் என்று பிரகாஷ் கிடங்குக்குப் போன் எடுத்தார். மோரி சார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஈர லேபிள் ஒன்றைத் தன் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டு, முதலில் ருசித்துக் கண்டுபிடிப்போம் என்றார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

பிரகாஷ் அடையாளம் சொன்னார். டன்னாட் நாக்கைப் பிடிக்கும். கார்மெனேரில் குடமிளகாய் வாசம். டூரிகாவில் பூ மணம்.

கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் உருட்டி, வாளியில் துப்பினோம். முதல் பாட்டில், கொட்டைப்பாக்கை வெறுமனே மென்றது போல வாயெல்லாம் இழுத்தது. அது டன்னாட் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். மற்ற இரண்டில்தான் சண்டை. எனக்கு இரண்டிலும் பூவும் வந்தது, மிளகாயும் வந்தது. பயந்தவன் மூக்கு அப்படித்தான்.

"ரெண்டாவது கார்மெனேர் சார். தெனமும் குடமொளகா வெட்டுதேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன்.

"யோவ், அது உன் கையில கீற வாசம்யா! போய்க் கைய கழுவினு வா. அப்பவும் மொளகான்னா நூறு ரூபா தரேன்" என்றார் தேவராஜ் சார்.

அண்ணன் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்தார். கிளாஸுக்குள் மூக்கை விட்டார். "இப்பவும் மொளகாதான்."

பிரகாஷ் போன் போட்டார். ரெண்டாவது கார்மெனேரேதான். மோரி சார் கைதட்டினார்.

ஆனால் மெனுவில் ஏறியது டன்னாட். அண்ணன் மட்டன் சுக்கா கொண்டுவந்தார். தனியாகக் குடித்தபோது முறைத்துக்கொண்டு நின்ற ஒயின், சுக்காவின் கொழுப்பு பட்டதும் பணிந்துவிட்டது. தட்டு காலியானபோது டன்னாட் பாட்டிலும் காலி.

கிளம்பும்போது மோரி சார், இனி மாதாமாதம் புது வகை கொண்டுவாருங்கள், லேபிள் இல்லாமல், என்றார்.

தேவராஜ் சார் என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் நம்மகிட்ட ஸ்பெஷலிஸ்ட் கீறானே. டேய், நாளைக்குக் கறுப்பு கோட்டு அளவு குடு."

கறுப்பு கோட்டு என்றால் பார். அதன்பிறகு நான் லாண்டரிப் பக்கம் போனது அந்தக் கோட்டை வெளுக்கப் போட மட்டும்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அட்டையில் 'அறை' என்று இருந்தால், அது எந்த ஊர் அறை என்று கேளுங்கள். சிவப்பு ஒயினையும் கொஞ்ச நேரம் ஐஸில் வையுங்கள். இறக்கும் முன் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டிவிடுங்கள்.

தேவராஜ் சார் சுடலைமுத்து அண்ணனுக்குத் தர வேண்டிய பாக்கி: ரூபாய் நூறு.