உப்புப் படாத கால்

சாம்பல்தீவில் வெங்காயத் தோட்டம் செய்தவரின் மகள் தங்கரத்தினத்துக்குச் சின்ன வயதிலிருந்தே மருந்தில்லாத ஒரு வருத்தம் இருந்தது. சிரிப்பு. சிரிக்கக் கூடாத இடமாகப் பார்த்துத்தான் அது வரும். தாதிப் பயிற்சியின் முதல்நாள், எலும்புக்கூட்டின் தலையில் யாரோ தொப்பி மாட்டியிருந்ததைக் கண்டு சிரித்து, ஒரு கிழமை முழுக்கக் கட்டுத்துணி தோய்த்தாள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவளுடைய பையிலிருந்த குரக்கன் மாவை வெடிமருந்தோ என்று முகர்ந்து தும்மியபோதும் சிரித்தாள். முக்கால் மணித்தியாலம் வெயிலில் நிற்க வேண்டி வந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தொடங்கியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. திருகோணமலையில், குடாக்கடலைத் தாண்டி மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகின் ஜெற்றிக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைக் கிளினிக்கில் காயம் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. சேலைன் போத்தலைச் சரிப்பாள், துடைப்பாள், கட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள் என்று சொல்வார்கள். ஒருமுறை கரண்ட் போய் அப்படியே செய்தும் இருக்கிறாள்.

மாசி மாதம் ஸெய்னுதீன் வந்தார். மூதூர் லோஞ்சில் கயிறு பாய்கிறவர். லோஞ்ச் கரையை முட்டுவதற்கு முன்னால், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று முழத் தண்ணீரைத் தாண்டி ஜெற்றியில் குதிப்பார். வெறுங்கால். முப்பது வருடமாக அந்தப் பாய்ச்சலைப் பார்ப்பதற்கென்றே ஜெற்றியில் ஆட்கள் நிற்பதுண்டு. சீனி வருத்தமான நீரிழிவு அவருடைய பாதத்தை மரத்துப்போகச் செய்திருந்தது. இடதுகாலில் ஊரிச் சிப்பி வெட்டியதே அவருக்குத் தெரியவில்லை. லோஞ்சின் தளத்தில் இரத்தத்தில் பதிந்த காலடிகளைக் கண்டு, "யாருக்கு வெட்டினது?" என்று பயணிகளிடம் விசாரித்திருக்கிறார்.

இப்போது பெருவிரலின் கீழே ஒரு குழி. மணம் வேறு. பெரிய ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சை டொக்டர் மூன்று கிழமை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் ஆறத் தொடங்காவிட்டால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டும்.

"பாதிக் காலோட பாஞ்சா பாதித் தூரம்தான் போவன் மிஸ்," என்றார் ஸெய்னுதீன். "மிச்சம் கடலுக்குள்ள."

தங்கரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்தக் காலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

கிளினிக்குக்குக் கிழமையில் இரண்டு நாள் வருகிற டொக்டர் சோமசேகரம் அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். சுனாமிக்குப் பிறகு எங்கோ குளிர்தேசத்திலிருந்து கம்பளிக் கையுறைகளோடு வந்த பெட்டி. உள்ளே, சாம்பல் நிறத்தில் மினுங்கும் ஒன்பது துணித்துண்டுகள்.

"இது வெள்ளி," என்றார் டொக்டர். "கண்ணுக்கே தெரியாத துணிக்கையா அரைச்சுப் பூசியிருக்கு. ஈரம் பட்டா வெள்ளி கொஞ்சங் கொஞ்சமாக் கசிஞ்சு கிருமியைக் கொல்லும். ஒருக்காக் கட்டினா மூண்டு நாளைக்குப் போதும். கடுதாசி உள்ளுக்கிருக்கு, வாசிச்சிட்டுக் கட்டுங்கோ."

தங்கரத்தினம் வாசிக்கவில்லை. காயம் கட்டக் கடுதாசி எதற்கு? அவளுடைய கைக்குத் தெரியும்.

வரிசையில் தன் கைக்கட்டோடு இருந்த நகைவேலை இராசையா எழும்பி வந்து, துணியை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். "ஒன்பதையும் உருக்கினாலும் ஒரு மூக்குத்திக்குக் காணாது," என்று தீர்ப்புச் சொன்னார்.

"தங்கம் வெள்ளி கட்டுறா, நீங்க என்னத்துக்கு இடையில?" என்றார் ஸெய்னுதீன்.

முதல் துண்டு மூன்று நாள் இருந்தது. பிரித்தபோது ஒரு மாற்றமும் இல்லை. துணியில் பால் திரைந்ததுபோல் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. இரண்டாவது துண்டைக் கட்டினாள். அதுவும் அப்படியே. மணம் கூடியிருந்தது. ஒரு கிழமை போய்விட்டது. ஸெய்னுதீன் பகிடி சொல்வதைக் குறைத்திருந்தார். அதுதான் அவளை உலுக்கியது.

குனிந்து, விளக்கை இழுத்துப் பார்த்தாள். கட்டின் மடிப்பில் மூன்று மணல் பருக்கைகள். பக்கத்தில் ஒரு மீன் செதிள்.

"நானா, கடலுக்க கால வைச்சனீங்களோ?" அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் அழைப்பாள்.

"இல்ல மிஸ்."

"அப்ப இந்தச் செதிள் விரலில முளைச்சதோ?"

வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது. ஸெய்னுதீன் கூரையைப் பார்த்தார். "எங்கட ஆக்கள் எந்தப் புண்ணையும் கடல்லதான் கழுவுற மிஸ். ஒரே ஒரு தரம்தான்."

"ஒரே ஒரு தரமோ?"

"ஓம். பின்னேரத்துக்கு ஒரே ஒரு தரம்."

தங்கரத்தினத்துக்குக் கோபம் ஏறிவிட்டது. ஒரு கையில் சேலைன் போத்தல் இருந்தது. மற்றக் கையால் பெட்டியைக் கிளறிக் கடுதாசியை எடுத்தாள். இந்த மனிசனுக்கு எழுத்தில் காட்டினால்தான் மண்டையில் ஏறும். ஆங்கிலத்தைத் தமிழாக்கி, கோயிலில் அறிவித்தல் வாசிப்பவரைப்போல வரிசை முழுவதற்கும் கேட்க வாசித்தாள்.

"கட்டுவதற்கு முன் சுத்தமான வெறும் தண்ணீரில் நனைக்கவும். உப்புச் சேர்ந்த எந்தத் திரவமும் படக் கூடாது. உப்பு வெள்ளியைப் பிடித்து வெண்பொடியாக்கி..."

அவள் கடுதாசியைப் பார்த்தாள். கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள்.

"மிஸ்," என்றார் ஸெய்னுதீன், மிக மெதுவாக. "அந்தப் போத்தலுக்க என்ன?"

"உப்புத் தண்ணி."

"சரி. எண்ட கடல் பெரிசு. உங்கட கடல் சின்னன்."

முதலில் சிரித்தது இராசையா. பிறகு வரிசை. பிறகு தங்கரத்தினம், வெட்கத்தில் காது சிவக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு. ஒரு கிழமையாக ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே காலுக்கு இரண்டு பேரும் உப்புப் போட்டிருக்கிறார்கள். கருவாட்டுக்குக்கூட அவ்வளவு போடுவதில்லை. சிரித்து முடிந்ததும் அவள் முகத்தைத் துடைத்தாள். "நானா, இது எண்ட பிழை. இனி நடக்காது," என்றாள். இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. ஏழு துண்டு இருந்தது.

வெறும் தண்ணீருக்கு ஊசிமருந்து கரைக்கும் தண்ணீர் இருந்தது. சுண்டுவிரல் பருமனான பிளாஸ்ரிக் குப்பிகள். ஒன்றில் ஐந்து மில்லி. ஒரு துண்டை நனைக்கவும் காயத்தைக் கழுவவும் இருபது குப்பி வேண்டும். தங்கரத்தினம் தட்டத்தை வரிசைக்கு முன்னால் நீட்டினாள். "சும்மாதானே இருக்கிறியள். கையைக் கழுவிப்போட்டு ஆளுக்கொரு கழுத்தைத் திருகுங்கோ. வாயில தொடாமல் என்னட்டத் தாங்கோ."

டக், டக், டக். மூக்கொழுகும் தடுமன்காரர் திருகினார்கள். பல்வலிக்காரி ஒருத்தி கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் திருகினாள். நஜ்முன் நிஸா என்ற பிள்ளைத்தாய்ச்சி எல்லோரையும் முந்தி மூன்று திருகினாள். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் எங்கோ இரண்டு வெடி கேட்டது. டக் சத்தம் நின்றது. பிறகு இராசையா, "இது நானில்லை," என்றார். திரும்பவும் டக், டக்.

மூன்றாம் நாள் பிரித்தபோது மணம் இல்லை. தங்கரத்தினம் நம்பாமல் இன்னொருமுறை முகர்ந்தாள். ஆறாம் நாள் குழியின் அடியில் மாதுளம் முத்துப்போலச் சிவப்புச் சதை. ஸெய்னுதீன் டொக்டர் கொடுத்த குளிசையை ஒழுங்காகப் போட்டார், பிளேன்ரீயைச் சீனியில்லாமல் முகத்தைச் சுளித்துக் குடித்தார், காலைச் சிலிசிலிப் பிளாஸ்ரிக் பையால் மூடி முழங்காலில் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தார். முடிச்சு, லோஞ்ச் கட்டுகிற முடிச்சு. அவிழ்க்க அவரால்தான் ஏலும்.

தவணை நாளன்று பெரிய டொக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கத்தி வேண்டாம்," என்றார். "ஆனால் இரண்டு மாதம் பாயக் கூடாது."

செய்தி கடலைத் தாண்டியது. மூதூரில் இன்னும் இரண்டு சீனிக்கால்கள் இருந்தன. பெட்டியில் இரண்டு துண்டு மிஞ்சியிருந்தது. அடுத்த கிழமை தங்கரத்தினம் வெள்ளை உடுப்போடு, பை நிறையக் குப்பிகளோடு லோஞ்சில் ஏறினாள். ஸெய்னுதீன் ஓரமாக ஒரு கதிரையில் இருந்தார், சிலிசிலிப் பையோடு. அவருக்குப் பதிலாகக் கயிறு பாய்கிற றஊப் அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுச் சாவடியில் நின்றான். அவனில்லாமலே லோஞ்ச் புறப்பட்டது. மூதூர் கரை கிட்டும்வரை அதை யாரும் யோசிக்கவில்லை.

ஜெற்றி நெருங்கியது. சுக்கான் பிடித்தவர், "கயிறு! கயிறு!" என்று கத்தினார். ஸெய்னுதீன் எழும்பிவிட்டார். முப்பது வருடப் பழக்கம். கை கயிற்றில், இடதுகால் விளிம்பில்.

"நானா! பாஞ்சா நானே வெட்டிப் போடுவன்!"

தங்கரத்தினம் கயிற்றைப் பறித்தாள். மூன்று முழத் தண்ணீர் அகலமாகத் தெரிந்தது. வயிற்றுக்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. அது வந்தபிறகு அவளால் எதையும் நிறுத்த ஏலாது. பாய்ந்தாள்.

ஒரு சப்பாத்து கடலுக்குள் போயிற்று. மற்றது ஜெற்றியில் இறங்கியது, அவளோடு, கயிற்றோடு. ஜெற்றியில் நின்ற சனம் ஓவென்று கத்தியது. அவள் கயிற்றைக் கட்டையில் கண்டபடி சுற்றிவிட்டு, குந்திக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள்.

"முடிச்சுப் பிழை மிஸ்!" என்று கத்தினார் ஸெய்னுதீன். பிறகு லோஞ்ச் விளிம்பில் இருந்துகொண்டு, இடதுகாலை அவளுக்குத் தெரியும்படி உயரத் தூக்கிக் காட்டினார்.

காலை மூடியிருந்த சிலிசிலிப் பையில் ஒரு துளி நனைவில்லை.