உத்தரவாதம் தராத டொக்டர்

கொரோனா அடங்கி இரண்டு மாரி கடந்திருந்தது. தை மாதம். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் மழைத்தண்ணீர் வற்றாமல் நின்றது. வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்தில் டெங்கு எப்படிப் பரவுகிறது என்று ஆராய ஒரு குழு வந்தது. நான் மருதமுனைக்காரி. ஆங்கிலமும் சிங்களமும் நன்றாகவே பேசுவேன். அதனால் அந்தக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன்.

குழுவில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். மேற்கு ஆபிரிக்காவில் சியரா லியோன் என்ற நாட்டுக்காரர். பளிச்சென்ற பூப்போட்ட துணியைத் தலையில் உயர்த்திக் கட்டியிருப்பார். முதல் நாள் ஒழுங்கையில் நடந்தபோது வாசல்களில் நின்ற பெண்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர் ஸலாம் சொன்னதும் இரண்டு மூன்று வீடுகளில் அவர் உட்காரக் கதிரை வெளியே வந்துவிட்டது.

கதிரை வந்தாலும் இரத்தம் வரவில்லை. எங்கள் வேலை, வீடு வீடாகப் போய் ஆய்வைப் பற்றி விளக்கி, சம்மதித்தவர்களிடம் கொஞ்சம் இரத்தம் எடுப்பது. பலர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். காரணம் எனக்குத் தெரியும். கொரோனா காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை அடக்கவிடாமல் எரித்தது இந்தக் கரையில் யாருக்கும் மறக்கவில்லை. சுகாதாரம் என்ற பெயரில் யார் வந்தாலும் அந்த நினைவுதான் முதலில் வரும்.

டொக்டரிடம் இதைச் சொன்னேன். நடந்துகொண்டே அவர் தன் கதையைச் சொன்னார். எபோலா வந்த வருடத்தில் அவருடைய உம்மா இறந்துபோனாராம். முகம் தெரியாத உடுப்புப் போட்டவர்கள் வந்து பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்களாம். குளிப்பாட்டவில்லை, தொழுவிக்கவில்லை. அந்தப் பயத்தில் சனங்கள் நோயாளிகளை வீட்டுக்குள்ளேயே ஒளித்தார்களாம். நோய் இன்னும் பரவியதாம். பிறகு இமாம்களையும் குடும்பத்தாரையும் கூப்பிட்டுப் பேசி, தூரத்தில் நின்றாவது பார்க்கவும் தொழவும் விட்டார்களாம். அதற்குப் பிறகுதான் சனங்கள் தாங்களாகவே நோயாளிகளைக் கொண்டுவந்தார்களாம். அதைக் கண்ணால் பார்த்ததால்தான் இந்த ஆய்வு வேலைக்கே வந்ததாகச் சொன்னார். அழுதுகொண்டு சொல்லவில்லை. ஒரு வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டவர் சொல்வது போலச் சொன்னார்.

அன்று காலை நாங்கள் கடைசியாகத் தட்டியது ஒரு மீனவரின் வீட்டுக் கதவை. ஐம்பது வயதிருக்கும். கதவைப் பாதி திறந்து, இரத்தம் தர முடியாது என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். கொரோனாவில் அவருடைய மனைவியைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு மாற்றி, அங்கே மௌத்தானவரை அங்கேயே எரித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தாள். டொக்டர் வற்புறுத்தவில்லை. பரவாயில்லை என்று சொல்லித் திரும்பும்போதுதான் உள்ளே யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

மகள்தான். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளை. சில நாட்களாகக் காய்ச்சல், அன்று காலைதான் விட்டிருக்கிறது என்று வாப்பா நிம்மதியாகச் சொன்னார். டொக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேட்கச் சொன்னார். அவர் தயங்கி, விலகி வழி விட்டார்.

பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் அவள் கையைத் தொட்டு, என் கையையும் எடுத்து அதன் மேல் வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது. நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். சிவப்பு திரும்பி வர நேரமெடுத்தது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் சிலருக்கு ஆபத்தான நேரம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

அந்த மனிதர் சுவரில் சாய்ந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அங்க உட்டா என்ட புள்ளயத் திருப்பித் தருவாங்க எண்டு இவவால சொல்ல ஏலுமா தங்கச்சி?”

நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் அவர் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னார். என்னால் அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது என்றுதான் தொடங்கினார்.

அந்தப் பதில் என் வாயில் நின்றது. “ஓம் காக்கா, ஒண்டும் ஆகாது” என்று அண்ணனிடம் சொல்வது போல நான் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பிள்ளையை உடனே ஓட்டோவில் ஏற்ற வேண்டும் என்ற அவசரம் வேறு. ஆனால் இந்த மனிதரிடம் ஏற்கனவே பலர் நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“இவவால உத்தரவாதம் தர ஏலாதாம் காக்கா. ஆனா வீட்ட வெச்சிருந்தா இன்னும் ஆபத்தாம். அங்க என்ன நடந்தாலும் ஒங்களுக்கு மறைக்க மாட்டாவாம். நாங்க ரெண்டு பேரும் ஒங்களோடயே இரிப்பம்.”

கடைசி வசனத்தில் என்னைச் சேர்த்தது நான்தான்.

அவர் மகளைப் பார்த்தார். “என்ட பொண்டாட்டிக்கு எல்லாரும் சுகமாகும் சுகமாகும் எண்டுதான் சொன்ன,” என்றார். பிறகு மகளை இரண்டு கையாலும் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் உடனே சேலைன் ஏற்றினார்கள். பிள்ளையின் சாச்சி, அவள் உம்மாவின் தங்கை, வந்து வாட்டில் கூட இருந்தாள். நாங்கள் மூவரும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவ்வப்போது நான் தாதியிடம் விசாரித்து வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். பின்னேரம் டொக்டர் அஸர் தொழப் போன நேரத்தில் வாட்டுக்குள் திடீரென்று ஓட்டமும் நடையுமாக இருந்தது. பிள்ளைக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. அவளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் போனார்கள். கதவு மூடியது.

அவர் எழுந்தார். “என்ட புள்ளய நான் கொண்டு போறன்,” என்று கதவைத் தள்ளப் போனார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். இப்போது வெளியே எடுத்தால் பிள்ளை தாங்காது என்று சொன்னேன். உள்ளே நடப்பதை நீங்கள் பார்க்க வழி செய்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எந்தத் துணிவில் அப்படிச் சொன்னேன் என்றால், காலையில் ஒழுங்கையில் கேட்ட கதைதான். எபோலாவிலேயே குடும்பத்தாரைத் தூரத்தில் நின்று பார்க்க விட முடிந்தது என்றால், இங்கே ஏன் முடியாது?

பொறுப்பில் இருந்தவர் ஓர் இளம் சிங்கள டொக்டர். கதவைத் தட்டி அவரிடம் சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னேன்: இவருடைய மனைவி இப்படி ஒரு கதவுக்குள் போய்த் திரும்பி வரவில்லை, ஜனாஸாவைக்கூட இவர் பார்க்கவில்லை, இவரை ஓரமாக நிற்க விட்டால் எந்த இடைஞ்சலும் செய்ய மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரு முகக்கவசத்தை எடுத்து, தானே வந்து அந்த வாப்பாவின் கையில் கொடுத்து, கட்டிலின் கால்மாட்டைக் காட்டினார். “மெத்தன இன்ன” என்றார். இங்கே நில்லுங்கள் என்பதை அவருக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை வாப்பா அங்கேயே நின்றார். உள்ளே வேலை அவரைச் சுற்றி நடந்தது. தொழுதுவிட்டு ஓடிவந்த எங்கள் டொக்டர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கியது. பிள்ளை தண்ணீர் கேட்டாள்.

அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போனாள். பரீட்சையும் எழுதினாள்.

வாங்கில் காத்திருந்தபோது டொக்டர் தன் உம்மாவின் கதையை என் மூலம் அந்த மனிதருக்குச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போகும் நாளில் அவர் எங்கள் டொக்டரிடம் அந்த உம்மாவின் பெயரைக் கேட்டார். துஆச் செய்யும்போது அவருக்காகவும் பெயர் சொல்லி இறைவனிடம் கேட்கத்தான் என்றார். டொக்டர் பெயரைச் சொன்னார். பதிலுக்கு அந்த மனிதரின் மனைவியின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவு நாளில் டொக்டரின் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

ஆய்வுக்கு இரத்தம் தர மட்டும் அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. “அது மட்டும் மனசு வருதில்ல தங்கச்சி,” என்றார். இதை நான் மொழிபெயர்த்ததும் டொக்டர் சிரித்தார். மாட்டேன் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் சரி என்ற சொல்லுக்கு மதிப்பு, அவரைத் தொந்தரவு செய்யாதே என்றார். ஆனால் அந்த ஒழுங்கையில் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

டொக்டர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். பெருநாளுக்குப் பெருநாள் குரல் பதிவு அனுப்புவார். நான் இப்போது பொத்துவில் பக்கத்தில் வேறோர் ஆய்வுக்கு மொழிபெயர்க்கிறேன். பயந்து நிற்கும் ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அதன் பிறகும் அவர் பக்கத்திலேயே நிற்க என்னால் முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் இன்றும் முன்பின் தெரியாத வீடுகளில் போய் ஸலாம் சொல்கிறேன்.