கூடையில் கிடந்த போன்கள்

எங்கள் மருந்துக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஆட்கள் வைத்த பெயர் 'யாரு அக்கா'. பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்று எவன் போன் பண்ணினாலும் "யாரு பேசுறது?" என்பாள். நான் பண்ணினாலும் அதுதான். தலையில் பெட்டி சுமந்து இந்தக் கிடங்கை எழுப்பியவன் நான். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. பட்டம் வாங்கியவர்கள் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். என்னையே யாரென்று கேட்டவளை நான் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆளை எடைபோடுவதில் என் கண் தப்பியதில்லை.

பில் போட வந்தவள். மாலை வகுப்புக்குப் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். கணவன் இல்லை, ஒரு மகள், படுத்த படுக்கையாய்த் தாய். இருந்த வீட்டைக் கூடப்பிறந்தவனே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். "அண்ணன்தானேன்னு படிக்காம கையெழுத்துப் போட்டேன் ஐயா. அதுக்கப்புறம் யாரையும் கேக்காம விடுறதில்ல" என்று ஒருமுறை டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்.

பக்கத்துக் கிடங்கு ஒன்றின் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் முடக்கிப் போட்டபோது, நமக்கு ஜீரோ டிரஸ்ட் வேண்டும் என்று வந்து நின்றாள். உள்ளே வந்துவிட்டான் என்பதற்காக எவனையும் நம்பக் கூடாது. ஒவ்வொரு கதவிலும் நீ யார், இங்கே என்ன வேலை என்று கேட்க வேண்டும். வேலைக்கு வேண்டிய கதவு தவிர வேறெதுவும் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். எனக்கு உடனே பிடிபட்டது.

பிறகு அதை விற்க வந்தது ஒரு கூட்டம். பளபளக்கும் ஷூ, வாயெல்லாம் தேன். ஆளாளுக்குத் திரையில் படம் காட்டினார்கள். மருந்து வைக்கும் எங்கள் குளிர் அறைக்குள் எட்டிப் பார்த்தவன் ஒருவனில்லை. மேலாளராக இருக்கும் என் மாப்பிள்ளை, அதில் பெரிய கம்பெனிக்கு அதற்குள் தலையாட்டியிருந்தார். அவர்கள் வைத்த விருந்தின் ஏப்பம் இன்னும் அடங்கவில்லை.

"மாமா, இதை வாங்கிட்டா இந்த அம்மா வேண்டாம். எல்லாத்தையும் அவங்களே பாத்துப்பாங்க" என்றார், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்தான் என்று தெரிந்தே.

"ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு என்னை அனுப்புங்க ஐயா" என்றாள் அவள்.

ஓட்டினார்கள். யார் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாலும் அவர் செல்போன் அடிக்கும். 'ஆம்' என்று அழுத்தினால்தான் வழி. வாரக் கடைசியில் விற்பனைக்காரன், மாப்பிள்ளை, நான் மூவரும் உட்கார்ந்திருக்க, "ஐயா பேர்ல போறேன்" என்று அவள் என் பாஸ்வேர்டைத் தட்டினாள். என் முதல் லாரி நம்பர், கிடங்குக்கே தெரியும்.

விற்பனைக்காரன் சிரித்தான். "அவர் போன்ல அழுத்தாம முடியாதும்மா."

திறந்துகொண்டது. குளிர் அறைச் சூடு, சம்பளம், எல்லாம் திரையில். என் போன் என்னிடம் இல்லை.

எல்லோரும் வாசலுக்குப் போனோம். கிடங்குக்குள் செல்போன் கூடாது என்பது நான் போட்ட சட்டம். என் போனும் வாட்ச்மேன் கூடையில்தான் கிடக்கும். அவன் கூடையை மடியில் வைத்து, அடிக்கிற போனையெல்லாம் எடுத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்றே?"

"உள்ள வேலை நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு ஐயா. எல்லாரும் போன் பூட்டை எடுத்துட்டுக் குடுத்துட்டாங்க. அடிச்சா ஆம் போட்டுடுறேன். விரல்தான் வலிக்குது."

விற்பனைக்காரனுக்குக் கூச்சமே இல்லை. "இது எங்க பொருளோட குறை இல்ல சார். உங்க ஆளுங்களுக்குப் பயிற்சி பத்தல."

"பயிற்சி குடுத்தா குளிர் அறையில கையுறை போட்ட கையில போன் முளைக்குமா தம்பி?" என்றாள் அவள்.

மாப்பிள்ளை என் காதருகே வந்தார். "மாமா, வாக்குக் குடுத்துட்டேன்."

"வாக்கு உங்களோடது, கிடங்கு என்னோடது. அவரை வண்டி வரைக்கும் விட்டுட்டு வாங்க மாப்பிள்ளை."

முன்பு மாப்பிள்ளை மாடிப்படியிலேயே உட்காரவைத்துத் திருப்பியனுப்பிய சின்னக் கம்பெனிக்காரர்களை அவள் கூப்பிட்டாள். அவர்கள் எங்கள் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு குளிர் அறையில் நின்று வேலையைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு ரகசிய எண். கையுறையோடு அடிக்கப் பெரிய பொத்தான்கள். சாப்பாட்டுக் கூடத்தைத் திறப்பதும் அதே அட்டைதான் என்று வைத்தது அவள் யோசனை. அதை எவன் அடுத்தவனிடம் விட்டுப் போவான்?

வேலை அவளுக்கே உறுதியானது. உட்கார்ந்ததும் முதலில் வெட்டியது கம்ப்யூட்டரில் எனக்கிருந்த உரிமைகளை. "குளிர் அறைச் சூட்டை மாத்துறது ஐயாவுக்கு எதுக்கு?" அடுத்து மாப்பிள்ளையுடையது. அவர் இப்போது என் வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை. வராத வரைக்கும் நிம்மதி.

போன வாரம் மாடியில் என் அறைக்கு வந்த புது மேசை போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன்.

"யாரு பேசுறது?"

"நான்தாம்மா."

"நான்னா? நேர்ல வாங்க."

இறங்கிப் போனேன். வழியில் மாப்பிள்ளை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேசைக்கடியில் அவர் கால்களுக்கு எதிரே இன்னொரு ஜோடி பளபளக்கும் ஷூ தெரிந்தது.