மீசை வைத்த கட்டம்

"எழுதினவங்களுக்கே மறந்துபோச்சு. உனக்கு எப்படிம்மா புரியும்?" என்று கேட்டார் எங்கள் டீம் லீட்.

ஆபீஸ் பஸ்கள் எந்த நிறுத்தத்தில் யாரை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் பழைய சாஃப்ட்வேர் அது. எழுதியவர்கள் ஒரு குறிப்புகூட வைக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். உள்ளே எந்தப் பகுதி எதைக் கூப்பிடுகிறது என்று தோண்டிப் பார்த்து நான் படம் வரைய வேண்டும். வெள்ளிக்கிழமை வேண்டாத பகுதிகளைத் தூக்கிவிடுவார்கள். தப்பாகச் சொன்னால் இப்படி ஒரு வேலை மறுபடி எனக்குக் கிடைக்காது.

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக்கூட்டியவள் நான். ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் என்னிடம்தான் வரும். விளக்க ஆளில்லாத தாள்களைப் படித்தே வளர்ந்தவள். இதை லீடிடம் சொல்லவில்லை. நான் தங்கியிருந்த சந்தாபுராவுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமைக்குள், பகுதிக்கு ஒன்றாக நாற்பத்தொரு கட்டங்கள் வரைந்திருந்தேன். ஒன்றுக்கு மட்டும் அம்புக்குறி வரவில்லை. அதை எந்தப் புரோகிராமும் கூப்பிடவில்லை.

"செத்த கட்டம். தூக்கிடலாம்" என்றார் லீட்.

நானும் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, அது கடைசியாக எப்போது ஓடியது என்று பார்த்தேன். இந்தத் திங்கட்கிழமை ஓடியிருந்தது. எல்லாத் திங்கட்கிழமையும் ஓடியிருந்தது. ஒரு வாரம் காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, ஒரு வாரம் பத்து இருபத்திரண்டுக்கு, ஒருமுறை பதினொன்று நாற்பதுக்கு. பொங்கல் வாரம் ஓடவில்லை. ஆடிப்பெருக்கு வாரமும் ஓடவில்லை.

ஆடிப்பெருக்குக்கு லீவு போடும் கம்ப்யூட்டரை நான் பார்த்ததில்லை.

பஸ்களை அனுப்பும் வைட்ஃபீல்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஒரே தமிழர், தர்மபுரிக்காரர், பெரிய மீசை வைத்த சூப்பர்வைசர்.

"திங்கக்கிழமை காலையில என்ன பண்ணுவீங்கண்ணா?"

"டீ குடிப்பேன்."

"அப்புறம்?"

"பச்சை பட்டனை அமுக்குவேன். ஏன், அமுக்கக் கூடாதா?"

"யாரு சொன்னாங்க அமுக்கச் சொல்லி?"

"எனக்கு முன்னாடி இருந்தவரு. அமுக்கினாத்தான் புதுசா சேர்ந்தவங்க பேரு பஸ்ல ஏறும்."

"லீவு போட்டா?"

"அந்த வாரம் ஆட்டோல வருவாங்க."

பதினொன்று நாற்பதுக்கு ஓடிய வாரத்தைப் பற்றிக் கேட்டேன். யோசித்தார். "மாரத்தஹள்ளி டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்மா."

மீசை வைத்த புதுக் கட்டம் ஒன்றை வரைந்து, அதிலிருந்து செத்த கட்டத்துக்கு அம்புக்குறி போட்டேன். வெள்ளிக்கிழமை படத்தைப் பார்த்த லீட், "ஆர்க்கிடெக்சர்ல மீசை எதுக்கு?" என்றார்.

"அவர்தான் சார் நாற்பத்திரண்டாவது கட்டம். புரோகிராமுக்குள்ள இருக்க மாட்டார்." கிழமைகளையும் நேரங்களையும் காட்டினேன். லீட் தூக்கும் பட்டியலிலிருந்து அந்தச் செத்த கட்டத்தை அடித்தார்.

"அடுத்து கிடங்கு சாஃப்ட்வேர் இருக்கு. அதுலயும் குறிப்பு ஒண்ணும் கிடையாது. முடியுமா?"

முடியும் என்றேன். அந்த சாஃப்ட்வேரை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கிடங்கில் வேலை செய்பவர்களின் லீவுப் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன்.